“ராஜினாமா” என்று எழுதிக் கொடுக்காதீர்கள்: நின்றுபோன பேப்பர் மில் தொழிலாளி ஒருவருக்குப் பதில்

கேள்வி: ஐயா, உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பேப்பர் மில்லில் 19 வருடம் 8 மாதமாக வேலை பார்க்கிறேன். பழைய பேப்பரைக் கூழாக்கி நியூஸ் பிரிண்டும் நோட்டுப் பேப்பரும் ஓட்டும் மில். ட்ரையர் பக்கம் ஆபரேட்டர், வயது 47. நிரந்தரம் 140 பேர், கான்ட்ராக்ட் 60 பேர். மூன்று மாதத்துக்கு முன் “கச்சாப்பொருள் தட்டுப்பாடு, லே-ஆஃப்” (தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்திவைப்பது) என்று போர்டில் நோட்டீஸ் ஒட்டி மெஷினை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதச் சம்பளமும் பாக்கி. இப்போது ஆளுக்கு ஒரு தாளை நீட்டுகிறார்கள். “சொந்தக் காரணத்துக்காக ராஜினாமா செய்கிறேன், எல்லாக் கணக்கும் தீர்ந்தது” என்று கையெழுத்துப் போட்டால் 2,75,000 ரூபாய், பின்தேதி போட்ட மூன்று செக்காகத் தருவார்களாம். போடாவிட்டால் பேங்க் மில்லை எடுத்துக்கொள்ளும், ஒரு பைசா கிடைக்காது என்கிறார்கள். என் கடைசிச் சம்பளம்: அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 2,000, வீட்டு வாடகைப்படி 3,500, போக்குவரத்துப்படி 2,000. லீவு 22 நாள் சேர்ந்திருக்கிறது. என் மனைவி அதே மில்லில் ஃபினிஷிங்கில் கான்ட்ராக்டில் ஆறு வருடமாக ஷீட் எண்ணுகிறாள். கையெழுத்துப் போடலாமா? மில் திரும்ப ஓடுமா? இந்த வயதில் வேறு எங்கே போவது? இன்னொன்று, வரும் திங்கட்கிழமை பல்ப் செஸ்டை (கூழ்த் தொட்டியை) கழுவ நாலு பேர் வேண்டும், ஆளுக்கு 1,200 ரூபாய் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். போகட்டுமா?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை போகாதீர்கள்.

மூன்று மாதம் கலக்காமல் கிடந்த கூழ் அழுகியிருக்கும். மாவும் நாரும் காற்றில்லாமல் புளிக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிக் கூழுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஹோஸ் போட்டுப் பீய்ச்சினாலோ மண்வெட்டியால் கிளறினாலோ ஒரேயடியாக வெளியே வரும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் செஸ்டின் அடியில் தேங்கும். முட்டை நாற்றம் அடித்தால் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அளவு கூடியதும் மூக்கே மரத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டதுபோல் தோன்றும். அதற்குமேல் இரண்டு மூச்சு போதும். இப்படி நடக்கும் விபத்துகளில் முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கியவர்தான் அடுத்து விழுகிறார். துணியோ தூசி மாஸ்க்கோ இதைத் தடுக்காது. கேஸ் மீட்டர் வைத்து ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவில்லை, ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று அளந்து காட்டவேண்டும். ப்ளோயர் ஓடவேண்டும். கூழைக் கலக்கும் அஜிடேட்டர் மோட்டாரின் ஃபியூஸைக் கழற்றிப் பூட்டுப் போட்டிருக்கவேண்டும். இடுப்புக் கயிற்றோடு மேலே ஒருவர் நிற்கவேண்டும். உள்ளே இறங்க எழுத்தில் பெர்மிட் வேண்டும். பாதுகாப்பு ஆபீசரே வீட்டுக்குப் போய்விட்ட மில்லில் இதையெல்லாம் யார் செய்வார்கள்? மற்ற மூன்று பேருக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.

இனி அந்தத் தாள். அதில் இருக்கும் தொகையைவிட “ராஜினாமா” என்ற சொல்தான் உங்களுக்கு அதிக நஷ்டம். ஏன் என்று கணக்காகவே பார்ப்போம்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறு சட்டம், கிராஜுவிட்டி (பணிக்கொடை) சட்டம் ஆகியவற்றின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. “ஊதியம்” என்ற சொல்லுக்கு இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்ற சில விலக்கப்பட்டவை. அந்தப் பட்டியலில் இல்லாத படி எதுவானாலும் ஊதியத்தில் சேரும். விலக்கப்பட்டவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய அளவும் ஊதியமாகவே கணக்காகும். உங்களுக்கு விலக்கு 5,500, மொத்தம் 20,500. பாதியைத் தாண்டவில்லை. ஆகவே உங்கள் ஊதியம் ஸ்பெஷல் அலவன்ஸ் சேர்த்து 15,000. மில் கணக்குப்பிள்ளை 13,000 என்றுதான் போடுவார், பழைய பழக்கம். அங்கேயே திருத்துங்கள்.

கிராஜுவிட்டி, மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டால் பெருக்கினால் வருவது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டு என்பதால் உங்கள் 19 வருடம் 8 மாதம் 20 ஆண்டாகிறது. 1,73,077 ரூபாய். 13,000-த்தை வைத்துப் போட்டால் 1,50,000 தான் வரும். ஒரு அலவன்ஸை விட்டதற்கு 23,000 ரூபாய் வித்தியாசம்.

மில் மூடினால் அல்லது ஆட்குறைப்பு செய்தால் ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. மாத ஊதியத்தில் பாதி 7,500, இருபது ஆண்டுக்கு 1,50,000. ஒரு மாத முன்னறிவிப்பு தராவிட்டால் அதற்குப் பதில் 15,000. லீவு 22 நாளுக்கு 12,692. பாக்கிச் சம்பளம் இரண்டு மாதம் முழுதாக 41,000. கூட்டினால் 3,91,769 ரூபாய். போனஸை இதில் சேர்க்கவில்லை. லே-ஆஃப் காலத்துக்கு அடிப்படை, பஞ்சப்படியில் பாதி, அதாவது நாளுக்கு 250 ரூபாய் உண்டு, 45 நாளுக்கு மேல் இல்லை என்று ஒப்பந்தம் இருந்தால் மட்டும் அதோடு நிற்கும். பின்னால் ஆட்குறைப்பு செய்யும்போது அதை இழப்பீட்டில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு வழியிருப்பதால் அதையும் கூட்டவில்லை. ஆக, உங்களுக்கு நீட்டியிருக்கும் 2,75,000-க்கும் சட்டப்படி வரவேண்டியதற்கும் 1,16,769 ரூபாய் இடைவெளி இருக்கிறது.

இது தெரிந்த நஷ்டம். தெரியாத நஷ்டம் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறது. உங்கள் சம்பளம் 21,000-க்குள் என்பதால் நீங்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டாளர். தொழிற்சாலை மூடப்பட்டோ ஆட்குறைப்பிலோ வேலை போனவருக்கு ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் வேலையின்மைப் படி உண்டு. இரண்டு ஆண்டு சந்தா கட்டியிருந்தால் போதும். முதல் 12 மாதம் சராசரி ஊதியத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். அந்தக் காலத்தில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும். குறைத்தே வைத்து 15,000-க்குக் கணக்கிட்டாலும் மாதம் 7,500 வீதம் 90,000, பிறகு 3,750 வீதம் 45,000, மொத்தம் 1,35,000. இடையில் வேலை கிடைத்தால் படி நின்றுவிடும். ஆனால் தானாக விலகியவருக்கு, விருப்ப ஓய்வில் போனவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய் கிடையாது. “சொந்தக் காரணத்துக்காக” என்ற இரண்டு சொல்லில் போவது இந்தப் பணம். மில்லுக்கு இதில் ஒரு செலவும் இல்லை, தருவது இ.எஸ்.ஐ. கழகம். இருந்தும் ராஜினாமா என்றே எழுதச் சொல்கிறார்கள், ஏனென்றால் அப்படி எழுதிவிட்டால் மூடல் இழப்பீட்டுக் கணக்கே எழாது.

ஆகவே நீங்கள் கேட்டு வாங்கவேண்டியது “மூடல்” அல்லது “ஆட்குறைப்பு” என்று தெளிவாக எழுதிய ஓர் உத்தரவு. இப்போது போர்டில் இருப்பது லே-ஆஃப் மட்டும். சட்டத்தின் பார்வையில் நீங்கள் இன்னும் அந்த மில் தொழிலாளி. இதில் ஒரு பொறி உண்டு. லே-ஆஃப் காலத்தில் குறித்த நேரத்துக்கு மில்லுக்குப் போய் வருகையைப் பதியாவிட்டால் அந்த நாளுக்குப் படி இல்லை. தொடர்ந்து போகாவிட்டால் “வேலையைக் கைவிட்டார்” என்று நோட்டீஸ் வரும். கேட்டில் கையெழுத்துப் புத்தகம் இருந்தால் போட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் இல்லை, உள்ளே விடவில்லை என்றால் அன்றே கடிதம் எழுதி அனுப்புங்கள். ரெஜிஸ்டர் தபால் இப்போது ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது, டெலிவரி அத்தாட்சி கேட்டு வாங்குங்கள். வாசகம் இவ்வளவு போதும்:

“நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். இன்று காலை இத்தனை மணிக்கு வாயிலுக்கு வந்தேன், வருகை பதிய மறுக்கப்பட்டது. நான் ராஜினாமா செய்யவில்லை. ஆலையை மூடுவதாக முடிவு செய்திருந்தால் அதற்கான அறிவிப்பையும் எனக்குச் சேரவேண்டிய தொகைகளின் கணக்கையும் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

நகலைத் திருப்பூர் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். தேநீர்க் கடையில் நின்று பேசிய பேச்சுக்கு மதிப்பில்லை. இந்தத் தாளுக்கு இருக்கிறது.

பழைய சங்கத் தலைவர்கள் “அரசு அனுமதி இல்லாமல் மில்லை மூடவே முடியாது” என்று சொல்வார்கள். 100 பேருக்கு மேல் இருந்தால் அனுமதி வேண்டும் என்பது பழைய சட்டம். புதிய தொகுப்பில் அது 300. உங்கள் மில்லில் கான்ட்ராக்டையும் சேர்த்தால்கூட 200 தான். ஆகவே அனுமதியை நம்பி உட்காராதீர்கள். ஆனால் 50 பேருக்கு மேல் இருக்கும் ஆலையை மூட 60 நாள் முன்னதாக அரசுக்கு அறிவிப்புத் தரவேண்டும் என்பது அப்படியே இருக்கிறது, இழப்பீடும் அப்படியே. முதலாளி தரப்பு வக்கீல் இன்னொரு வாதம் வைப்பார்: “எங்கள் கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலை, அதனால் இழப்பீடு மூன்று மாத ஊதியத்துக்கு மேல் இல்லை.” அப்படி ஒரு விதிவிலக்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் பண நெருக்கடி, நஷ்டம், விற்காமல் தேங்கிய சரக்கு, லைசென்ஸோ குத்தகையோ முடிந்தது ஆகியவை அந்த விதிவிலக்கில் வராது என்று அதே பிரிவின் விளக்கமே சொல்கிறது. பேப்பர் மில்கள் மூடும்போது சொல்லப்படும் காரணங்கள் அநேகமாக எல்லாமே இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்.

பேரம் பேசவே கூடாதா என்றால், பேசலாம். இருபது வருடப் பாக்கிக்கு ஐந்து வருடம் அலைவதைவிடச் சற்றுக் குறைத்து வாங்குவது சில சமயம் புத்திசாலித்தனம்தான். இழப்பீட்டில் விட்டுக்கொடுங்கள், கிராஜுவிட்டியில் வேண்டாம். கிராஜுவிட்டியை எழுதிக்கொடுத்து விட்டுவிட்டாலும் அந்த எழுத்து செல்லாது. எந்த ஒப்பந்தமும் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் கையெழுத்தாகட்டும். அப்படி ஆனதில் பணம் வராவிட்டால், நில வரிப் பாக்கிபோல் கலெக்டர் மூலம் வசூலிக்க மனுப் போடலாம். மில் ஆபீசில் தனித்தனியாகக் கூப்பிட்டு வாங்கும் தாளுக்கு அந்தப் பலம் இல்லை. செக் வேண்டாம், டிமாண்ட் டிராஃப்டோ வங்கிக் கணக்கில் வரவோ கேளுங்கள். நின்றுபோன மில்லின் பின்தேதி செக் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வீட்டு நெருக்கடியில் பணத்தை வாங்கியே ஆகவேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட எழுதுங்கள்: “எனக்குச் சேரவேண்டிய மற்ற சட்டப்படியான தொகைகளுக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் இந்தத் தொகையைப் பெற்றுக்கொள்கிறேன்.” எழுத விடமாட்டார்கள். அப்போது அந்தத் தாளின் அருமை உங்களுக்குப் புரியும்.

மில் தன் கிராஜுவிட்டிக்கு எல்.ஐ.சி. குரூப் பாலிசி வைத்திருக்கிறதா என்று அக்கவுண்ட்ஸில் இருந்தவரிடம் விசாரியுங்கள். இருந்தால் அந்தப் பணம் தனியாகக் கிடக்கிறது, வங்கிக்கடனோடு கலக்காது. கிராஜுவிட்டி 30 நாளில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் அதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் மனு. வக்கீல் இல்லாமலே நடத்தலாம், தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம்.

“பேங்க் எடுத்துக்கொள்ளும், ஒன்றும் கிடைக்காது” என்பது பாதி உண்மை. மில் திவாலாகித் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனால் ஒரு இடைக்கால அதிகாரி நியமிக்கப்படுவார். ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவிப்பு வரும், உரிமை கோரக் கடைசித் தேதி அதிலேயே இருக்கும். தொழிலாளி கொடுக்கவேண்டியது படிவம் டி. எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் கொடுப்பதானால் படிவம் இ. சம்பள ரசீது, பி.எஃப். பாஸ்புக், நியமன உத்தரவு இவற்றின் நகல் இணைக்கவேண்டும். இதைத் தவறவிடுபவர்கள்தான் ஒன்றுமில்லாமல் போகிறவர்கள். மில் கலைக்கப்பட்டால், நடைமுறைச் செலவு போக, முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கி, அடமானம் பிடித்த வங்கியோடு சம வரிசையில் நிற்கும். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகள் கடன்காரர்கள் பங்கு போடும் சொத்தில் சேரவே சேராது. சூப்பர்வைசர், மேனேஜர் மட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த இடம் இல்லை, 12 மாதப் பாக்கி மட்டும், அதுவும் அடுத்த வரிசையில். ஆகவே உங்கள் ரசீதில் “ஆபரேட்டர்” என்று இருக்கிறதா, “ஷிஃப்ட் இன்சார்ஜ்” என்று இருக்கிறதா என்று பாருங்கள். பட்டத்துக்காக வாங்கிய பெயர் இங்கே காலை வாரும். திவால் வழக்கு இல்லாமல் வங்கி நேரடியாக ஏலம் விடுவதானால், தொழிலாளர் பாக்கிப் பட்டியலை ஏலத்துக்கு முன்பே வங்கிக் கிளைக்கும் தொழிலாளர் துறைக்கும் எழுத்தில் கொடுத்துவையுங்கள்.

இதற்கிடையில் மில்லுக்குள்ளிருந்து எது வெளியே போகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். முதலில் போவது தாமிரக் கேபிளும் மோட்டாரும், பிறகு எஸ்.எஸ். பம்பு, வால்வு, பேரிங் ஸ்டோர். ட்ரையர் சிலிண்டரை கேஸ் கட்டர் வைத்து வெட்ட ஆரம்பித்துவிட்டால் அந்த மெஷின் முடிந்தது. லாரி நம்பர், தேதி, படம். தடுத்து நின்று சண்டை போடவேண்டாம், குறித்துவைத்து வங்கிக்கு அனுப்பினால் அவர்களே ஓடிவருவார்கள், அது அவர்களுடைய அடமானம்.

மில் திரும்ப ஓடுமா என்பதற்கு முதலாளி வாயைப் பார்க்காதீர்கள். எச்.டி. (உயர் அழுத்த) மின் இணைப்பின் ஒப்பந்த அளவைக் குறைக்காமல் வைத்திருக்கிறார்களா? மெஷின் நின்றாலும் டிமாண்ட் சார்ஜ் மாதாமாதம் ஏறும், ஓட்டும் எண்ணமுள்ளவர்தான் அதைக் கட்டுவார். பாய்லரின் ஆண்டுப் பரிசோதனைக்குத் தேதி வந்தபோது இன்ஸ்பெக்டரை அழைத்தார்களா? மாசுக்கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதலைப் புதுப்பித்தார்களா? ட்ரையர் செக்ஷனை வாரத்துக்கு ஒருமுறையாவது மெதுவாகச் சுற்றிவிடுகிறார்களா, ஜர்னல் பேரிங்கில் ஆயில் ஓடுகிறதா? ஃபெல்ட்டை (தாளை உருளையோடு அழுத்தும் துணிப்பட்டையை) எலிக்கு விட்டுவிடாமல் கழற்றிச் சுருட்டி வைத்தார்களா? இந்த ஐந்தில் மூன்றுக்கு “இல்லை” என்றால், திரும்ப ஓடும் என்ற பேச்சு உங்களைக் கையெழுத்து வரைக்கும் அமைதியாக வைத்திருக்கத்தான்.

மற்ற இடங்களில் என்ன நடந்தது என்பதும் தெரிந்திருக்கட்டும். தெலங்கானா காகஜ்நகரில் சிர்பூர் பேப்பர் மில் 2014-ல் நின்றது, வேறு நிறுவனம் எடுத்து 2018-ல் ஓட்டியது. கேரளத்தில் வெள்ளூர் நியூஸ் பிரிண்ட் ஆலையை மாநில அரசே திவால் நடைமுறையில் எடுத்து, 2022-ல் வேறு பெயரில் தொடங்கியது. அஸ்ஸாமில் மத்திய அரசின் இரண்டு காகித ஆலைகள், பாஞ்ச்கிராமில் 2015-லும் ஜாகிரோடில் 2017-லும் நின்றவை, ஓடவே இல்லை. 2019-ல் கலைப்பு உத்தரவு வந்தது. பல ஆண்டுச் சம்பளம் இல்லாமல் கிடந்த தொழிலாளர்களுக்கு 2021-ல்தான் மாநில அரசின் நிவாரண ஒப்பந்தம் கிடைத்தது. நல்லபடியாக முடிந்த சிர்பூரிலேயே நான்கு ஆண்டு. அரசு கைகொடுத்த பெரிய ஆலைகளின் கதை இது. உங்கள் மில் சின்னது, அதற்காகச் சட்டசபையில் யாரும் எழுந்து நிற்கப் போவதில்லை.

ஓட்டும் சரக்கும் பாதகமாக இருக்கிறது. நியூஸ் பிரிண்ட் தேவை குறைந்துகொண்டே வருகிறது. இறக்குமதி வரி 2019-ல் 10 சதவீதமாக இருந்தது 2020-ல் பாதியாகிவிட்டது. “கிராஃப்ட்டுக்கு (அட்டைப்பெட்டித் தாளுக்கு) மாற்றிவிடலாமே” என்று கேன்டீனில் பேசியிருப்பீர்கள். 45 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 45 கிராம்) தாளுக்காகப் போட்ட மெஷினில் 150 ஜி.எஸ்.எம். ஓட்டினால் ட்ரையர் போதாது. வேகத்தைக் குறைக்கவேண்டும், குறைத்தால் நாளுக்கு இத்தனை டன் என்ற கணக்கு விழும், டன்னுக்கு ஆகும் நிலக்கரி மட்டும் விழாது. கூழ் தயாரிப்புப் பக்கத்தையும் மாற்றாமல், கிழியாமல் தாங்கும் பலமான பர்ஸ்ட் ஃபேக்டர் வராது. அந்தப் பணம் போட வங்கி முன்வருமா என்று நீங்களே யோசியுங்கள்.

பி.எஃப். விஷயத்தில் ஒன்றுமட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாஸ்புக்கை மாதம் மாதமாகச் சம்பள ரசீதோடு ஒப்பிடுங்கள். பிடித்தும் கட்டாத மாதங்கள் இருந்தால் பி.எஃப். குறைதீர் இணையதளத்தில் புகார் பதியுங்கள், மில் சொத்தின்மீது பி.எஃப். பாக்கிக்கு முதல் உரிமை உண்டு. மில் உங்கள் விலகல் தேதியைப் பதியாவிட்டால், கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. வைத்து நீங்களே பதியலாம். ஆனால் மூடல் உத்தரவு வரும்வரை அவசரப்படாதீர்கள், நீங்களே விலகியதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவார்கள். பென்ஷன் பங்கைத் தொடவேண்டாம். பத்து ஆண்டு தாண்டியவருக்கு 58 வயதில் மாதப் பென்ஷன், 50-லிருந்தே வாங்கலாம் என்றாலும் முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். சேர்ந்த நாள்முதல் பி.எஃப். பிடித்திருந்தால், நீங்கள் 20 ஆண்டை நெருங்கிவிட்டீர்கள். 20 நிறைந்தால் கணக்கில் இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்ப்பார்கள். 13,000-ஐ 20-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 3,714, 22-ஆல் பெருக்கினால் 4,086. ஆயுள் முழுக்க மாதம் 370 ரூபாய். அடுத்த வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது, கையில் 1,000 ரூபாய் கூடத் தந்து பி.எஃப். இல்லை என்பவரைவிடப் பி.எஃப். பிடிப்பவரைப் பாருங்கள்.

உங்கள் மனைவிக்கு: கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் மில்தான் முதன்மை முதலாளி, அது தரவேண்டும். ஆறு ஆண்டு ஒரே கான்ட்ராக்டரிடம் என்றால் கிராஜுவிட்டியும் உண்டு. ஆண்டுதோறும் கான்ட்ராக்டர் பெயரை மாற்றி எழுதியிருந்தால் சிக்கல், பி.எஃப். பாஸ்புக்கில் எத்தனை நிறுவனப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அவருக்கும் இ.எஸ்.ஐ. எண் தனியாக இருக்கும், வேலையின்மைப் படிக்கு அவரும் தனியாக விண்ணப்பிக்கலாம். அவர் முன்னாலும் ஒரு தாளை நீட்டுவார்கள், அதே எச்சரிக்கை.

இனி வேலை. 47 வயதில் உங்கள் கையில் இருப்பது “பேப்பர் அனுபவம்” என்று மட்டும் நினைக்காதீர்கள். ட்ரையர் ஆபரேட்டருக்குத் தெரிந்தது நீராவியால் சூடாகும் உருளையில் ஈரத்தை ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சீராக எடுப்பது. ரோட்டரி ஜாயிண்ட் ஒழுகினால், சைஃபன் அடைத்து உருளைக்குள் தண்ணீர் நின்றால், ஸ்டீம் ட்ராப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பது உங்களுக்குக் கைப்பழக்கம். அதே உருளை, அதே ஜாயிண்ட், அதே ட்ராப் பல்லடம், சோமனூர்ப் பக்கம், நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்களில் இருக்கின்றன. தாளுக்குப் பதில் பாவு நூல் ஓடும். கஞ்சி பிடிக்கும் சதவீதம், நூல் அறுந்தால் எடுத்துக் கட்டும் முறை இரண்டும் புதிது, சில வாரத்தில் வந்துவிடும். அட்டைப்பெட்டித் தொழிலில் தாளை நெளித்து ஒட்டும் கோருகேட்டர் லைனும் நீராவி உருளைதான். போர்டு வளைந்து வருவதற்குக் காரணம் மேல் லைனருக்கும் கீழ் லைனருக்கும் ஈரம் ஒத்துப்போகாதது, அதை உங்களைவிட யார் சீக்கிரம் கண்டுபிடிப்பார்? அந்தத் தொழிலில் பேப்பரின் ஈரத்தைப் புரிந்தவர்கள் குறைவு. ஹாஸ்டல் வசதியோடு கூப்பிடும் தூரத்துக் கிராஃப்ட் மில்லைவிட இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். கிராஃப்ட்டிலும் சின்ன மில்கள் விட்டு விட்டுத்தான் ஓடுகின்றன, இரண்டாம் முறையும் இதே கடிதத்தை எழுதவேண்டி வரலாம். டிஷ்யூ மில் வேலை கிடைத்தால் நல்லது, ஆனால் ஒற்றைப் பெரிய உருளையும் க்ரேப் பிளேடும் தனிப் பழக்கம், பயிற்சிக் காலச் சம்பளத்துக்கு ஒத்துக்கொள்ளவேண்டியிருக்கும். உங்களோடு வேலை பார்த்த பாய்லர் அட்டெண்டர்களும் ஒயர்மேன் லைசென்ஸ் உள்ளவர்களும் சான்றிதழைப் புதுப்பித்து வைத்திருந்தால் எந்தத் தொழிலுக்கும் போகலாம். கழிவுநீர்ப் பிளாண்டில் இருந்தவர்களைத் திருப்பூருக்கு அனுப்புங்கள். 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன பிறகு சொட்டு நீரும் வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையங்கள் அங்கே ஓடுகின்றன. ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் மட்டும் கற்றுக்கொள்ளவேண்டும்.

மில் ஆபீசில் ஆள் இருக்கும்போதே அனுபவச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். “நன்னடத்தையுடன் பணிபுரிந்தார்” என்ற ஒற்றை வரியால் பயனில்லை. மெஷின் டெக்கிள் (தாளின் அகலம்) எத்தனை மீட்டர், வேகம் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர், எந்த ஜி.எஸ்.எம். முதல் எந்த ஜி.எஸ்.எம். வரை, எத்தனை ட்ரையர், நீராவி அழுத்தம் எவ்வளவு என்று நீங்களே அரைப் பக்கம் எழுதிக்கொண்டுபோய்ப் புரொடக்ஷன் மேனேஜரிடம் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். அவரும் வேலை தேடிக்கொண்டிருப்பவர், மறுக்கமாட்டார். சேருமிடத்தில் புதிய பி.எஃப். கணக்கு என்று ஆரம்பித்தால் ஒத்துக்கொள்ளாமல் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள், இ.எஸ்.ஐ.க்கும் பழைய எண்தான். படி வாங்கிக்கொண்டிருக்கும்போது வேலை கிடைத்தால் அந்த வாரமே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துவிடுங்கள், பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டவேண்டி வரும்.